அநியாயத்தின் அ

உங்கள் இரண்டு பேரையும் குழாயடியில் "நியாயத்தோட பசங்க" என்று கூப்பிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பெரியவளே, நீ அதை என்னிடம் மறைத்தாய். சின்னவன் மறைக்கவில்லை. போன வாரம் சாப்பிட உட்கார்ந்தபோது, "நைனா, நம்மள ஏன் நியாயம்னு கூப்டுறாங்கோ? அது நல்ல பேருதான?" என்று கேட்டான். உங்கள் அம்மா கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே போட்டுவிட்டு எழுந்து வெளியே போனாள்.

அது நல்ல பேர் இல்லை. திட்டுவதற்கு வைத்த பேர். உங்கள் அப்பன் லாரிக்காரனிடம் துட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குத் துரோகம் செய்தான் என்பது அதற்குள் இருக்கிற அர்த்தம். நாளைக்கு உங்களுக்கு விவரம் புரிகிற வயசில் யாராவது தங்கள் இஷ்டத்துக்குச் சொல்வார்கள். அதற்கு முன்னால் நடந்ததை நானே எழுதி வைக்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் ஊரில் யார் செத்தாலும், யாருக்குக் கல்யாணம் ஆனாலும், யார் வீட்டுப் பெண் பெரிய மனுஷியானாலும், அந்தத் தமிழை டைப் அடித்துக் கொடுப்பவன் நான்தான். எழுத்தில் நான் தப்பு விடமாட்டேன் என்று ஊரில் பேர் இருந்தது. எனக்கும் அந்தத் திமிர் இருந்தது.

முதலில் நான் யார் என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் சண்டையில் பாதி அதனால்தான் வந்தது. நான் இந்தக் குப்பத்தில் பிறந்தவன் இல்லை. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து, உங்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு எண்ணூருக்கு வந்தவன். எனக்குப் படகு ஏறத் தெரியாது. வலையில் சிக்கெடுக்கத் தெரியாது. வந்த புதிதில் உங்கள் பெரிய மாமா என்னைப் படகில் கூட்டிக்கொண்டு போனார். முகத்துவாரம் தாண்டுவதற்குள் நான் எடுத்த வாந்தியைப் பற்றி இன்றைக்கும் பேசிச் சிரிக்கிறார்கள். "கம்ப்யூட்டரு மாப்ள" என்று பேர் வைத்தார்கள். அது பாசமாக வைத்த பேர்தான். ஆனால் வெளி ஆள் என்பதும் அந்தப் பேரில் இருந்தது. கோபம் வந்த அன்றைக்கு அதுதான் முதலில் வெளியே வந்தது.

என் கடை உங்களுக்குத் தெரியும். திருவொற்றியூர் தேரடிக்குப் பின்னால் ஒரே ஒரு அறை, ஒரே ஒரு கம்ப்யூட்டர். டிசைன் மட்டும்தான் நான் செய்வது. பேனர் அடிக்கிற பெரிய மெஷின் என்னிடம் கிடையாது. அது ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் ஒருத்தனிடம் இருக்கிறது. அவன் பேரை எழுத எனக்கு விருப்பமில்லை. பிரஸ்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவனும் நானும் ஒரு காலத்தில் ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டைப் அடித்தவர்கள். ஒரே பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டவர்கள். அப்புறம் அவன் லோன் போட்டு மெஷின் வாங்கினான். கூடவே டிசைன் சாப்ட்வேரில் புது வெர்ஷன் போட்டான். நான் பழைய வெர்ஷனிலேயே நின்றேன். என் கம்ப்யூட்டரில் புதுசு ஓடாது. ஓடினாலும் வருஷா வருஷம் கட்ட வேண்டும்.

வெர்ஷன் என்றால் என்ன என்று சின்னவன் கேட்பான். உன் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை ஏழாவது படிக்கிற உன் அக்கா எடுத்துப் படித்துவிடுவாள், இல்லையா? அவள் புத்தகத்தை நீ எடுத்தால் ஒன்றும் புரியாது. அதே மாதிரிதான். பழைய வெர்ஷனில் செய்த பைலைப் புது வெர்ஷன் திறந்துவிடும். புதுசில் சேவ் பண்ணின பைலைப் பழசில் திறக்க முடியாது. "இது எனக்குத் தெரியாத பைல்" என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். புதுசு வைத்திருக்கிறவன் மனசு வைத்து, "பழைய வெர்ஷனுக்கு" என்று குறைத்து சேவ் பண்ணிக் கொடுத்தால்தான் பழசு வைத்திருக்கிறவன் பிழைக்க முடியும். அந்த மனசு பிரஸ்காரனுக்கு இல்லை. என் பைலை நானே திரும்பக் கேட்டால், புது வெர்ஷனில் சேவ் பண்ணி அனுப்புவான். திறக்கவில்லை என்று போன் பண்ணினால், "இன்னா வாத்யாரே, இன்னுமா அந்த டப்பாவ உருட்டிகினு கீற? காயலான் கடைக்குப் போட்டுட்டு வா" என்பான். பின்னால் அவன் ஆட்கள் சிரிப்பது கேட்கும்.

அது கூடப் பரவாயில்லை. நான் செய்த பேனர்களின் மூலையில் சின்னதாக என் கடைப் பேரும் நம்பரும் போடுவேன். அவன் அதை அழித்துவிட்டு அவன் நம்பரைப் போட ஆரம்பித்தான். நெட்டுக்குப்பத்தில் ஒரு காதுகுத்து பேனரில் அதை என் கண்ணால் பார்த்தேன். அன்றிலிருந்து அவனோடு பேச்சை நிறுத்தினேன். பெரிய மெஷின் வேறு எங்கேயும் பக்கத்தில் இல்லாததால் வேலையை மட்டும் அனுப்பினேன். அனுப்பும்போது ஒரு எழுத்து விடாமல் கர்வ் போட்டு அனுப்பினேன்.

கர்வ் போடுவது என்பதுதான் இந்தக் கதைக்கே முக்கியம், கவனமாகப் படியுங்கள். டைப் அடித்த எழுத்தை அப்படியே விட்டால், அது எழுத்து. யார் வேண்டுமானாலும் திறந்து மாற்றலாம். கர்வ் போட்டுவிட்டால் அது எழுத்து இல்லை, எழுத்தின் வடிவத்தில் இருக்கிற வெறும் கோடு. அப்புறம் யாரும் அதைத் திருத்த முடியாது. எந்த வெர்ஷனில் திறந்தாலும் கோடு கோடாகவே இருக்கும்.

நம்முடைய தமிழுக்கு இது ரொம்பவே தேவை. பழைய தமிழ் ஃபான்ட்டுகளில் நம் எழுத்துகளுக்குச் சொந்த வீடு கிடையாது. இங்கிலீஷ் எழுத்துக்கும் புள்ளிக்கும் கோட்டுக்கும் கட்டின வீடுகளில் நம் எழுத்துகளை வாடகைக்கு வைத்திருந்தார்கள். பழைய வெர்ஷன் அதைக் கண்டுகொள்ளாது. புது வெர்ஷன் கண்டுகொள்ளும். ஆர்ப்பாட்டப் பேனருக்கெல்லாம் நாங்கள் போடுகிற தடித்த ஃபான்ட் ஒன்று உண்டு. அதில் 'அ' குடியிருந்த வீடு, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு குறியின் வீடு. புது வெர்ஷனில் திறந்தவுடன் அந்த 'அ' மட்டும் காணாமல் போகும். எந்த எச்சரிக்கையும் வராது. அந்த இடத்தில் கட்டமோ கேள்விக்குறியோ நிற்காது. பக்கத்து எழுத்துகள் நகர்ந்து வந்து இடைவெளியை மூடிக்கொள்ளும். எனக்கும் பிரஸ்காரனுக்கும் இது அந்தப் பழைய கடையிலிருந்தே தெரியும். "புதுசுல அ நிக்காது, கர்வ் போட்ரு" என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்வோம்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

குப்பத்துக்கு வடக்கே வலை காயவைக்கிற திடல் இருந்தது இல்லையா, இப்போது பாதிக்கு மேல் செம்மண் மேடாக இருக்கிறதே, அதுதான். ஒரு ரோடு வேலைக் காண்ட்ராக்ட்காரன் லாரி லாரியாக அங்கே மண்ணைக் கொட்ட ஆரம்பித்தான். முதல் நாள் கேட்டதற்கு "ரெண்டு நாளுல எடுத்துடுவோம்" என்றான். பத்து நாளில் மேடு ஆள் உயரம் வந்துவிட்டது. ஊர்ச் சங்கத்துக்குச் செயலாளர் உங்கள் பெரிய மாமா. வெள்ளிக்கிழமை காலையில் வருவாய் அதிகாரி இடத்தைப் பார்க்க வருகிறார், அவர் கண்ணில் படுகிற மாதிரி லாரி வருகிற வழியில் பெரிய பேனர் கட்ட வேண்டும் என்று முடிவானது. பேனர் என் பொறுப்பு.

வியாழக்கிழமை மத்தியானம் உங்கள் மாமா போன் பண்ணினார்.

"மாப்ள, இன்னா எய்தியிருக்க? படி."

"'வலை காயவைக்கும் இடத்தில் மண் கொட்டுவதைக் கண்டிக்கிறோம்', மச்சான்."

"கண்டிக்கிறோமா? இஸ்கோல் வாத்தியார் மாரி கீதுடா. 'வன்மையாக'ன்னு ஒண்ணு சேத்துக்கோ."

சேர்த்தேன். எல்லாவற்றையும் கர்வ் போட்டேன். மறுபடி போன்.

"வன்மையாக வேணாம். கட்சி போஸ்டராட்டம் ஆயிடுது. 'தடுத்து நிறுத்து'ன்னு போடு."

கர்வ் போட்டதைத் திருத்த முடியாது என்று சொன்னேன் அல்லவா, அந்த வரியை அழித்துவிட்டு முதலிலிருந்து அடித்தேன். மறுபடி கர்வ் போட்டேன். மறுபடி போன்.

"மாப்ள, கேளு. பொம்பளைங்கோ எல்லாம் இங்க ஒரே வார்த்ததான் சொல்லிகினு கீதுங்கோ. 'வலை காயவைக்கும் இடத்தில் மண் கொட்டுவது அநியாயம்'. அவ்ளோதான். பெருசா போடு. லாரிக்காரன் கண்ணுல குத்தணும்."

"இதான் கடைசியா மச்சான்? நான் கர்வ் போட்டுட்டா அப்பால மாத்த முடியாது."

"கர்வோ கிர்வோ, வுடு. மாத்தறதா இருந்தா போன் பண்றேன்."

அந்த வார்த்தை எனக்கும் பிடித்திருந்தது. தடித்த ஃபான்ட்டில், சிவப்பில், பேனரின் முழு அகலத்துக்கும் அடித்தேன். அடிக்கும்போதே எரிச்சல். இவர் எப்படியும் நாலாவது முறை போன் பண்ணத்தான் போகிறார், அந்த வரியை மட்டும் இப்போது கர்வ் போட வேண்டாம் என்று வைத்தேன். கீழே இருந்த "அனைவரும் திரண்டு வாரீர்", "இவண் ஊர்ப் பொதுமக்கள்" எல்லாம் ஏற்கெனவே கர்வ் போட்டாகிவிட்டது. இந்த ஒரு வரி மட்டும் எழுத்தாகவே இருந்தது. அந்த நேரத்தில் பிரஸிலிருந்து ஓர் ஆள் போன் பண்ணி, "அண்ணே, மூணு மணிக்குள்ள பைல் வரலன்னா நாளைக்குத்தான்னு ஓனர் சொல்றாரு" என்றான். ஓனர் சொல்கிறாராம். பக்கத்து நாற்காலிக்காரன் எனக்கு நேரம் வைக்கிறான். பல்லைக் கடித்துக்கொண்டு பைலை அப்படியே மெயிலில் தள்ளிவிட்டேன்.

இரண்டு கிளிக். கர்வ் போட அவ்வளவுதான் ஆகும்.

ஐந்தரை மணிக்கு ராயபுரம் போனேன். கடை முழுக்க மை வாடை. பிரஸ்காரன் பேனரைச் சுருட்டி, கயிறு கட்டி, கல்லா மேலே வைத்திருந்தான். நாங்கள் பேசிக்கொள்வதில்லை என்பதால் அவன் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னான்: "பிரிச்சுப் பாத்து எடுத்துகினு போகச் சொல்லு. அப்பால அது தப்பு இது தப்புன்னு வந்து நிக்கக் கூடாது."

பேனரைக் கடையிலேயே தரையில் விரித்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டு எடுப்பதுதான் எங்கள் தொழில் வழக்கம். பதினைந்து வருஷத்தில் ஒரு நாளும் நான் படிக்காமல் எடுத்ததில்லை. அன்றைக்கு அவன் கடைத் தரையில், அவன் காலடியில் குனிந்து உட்கார்ந்து படிக்க எனக்கு மனசு வரவில்லை. ரூபாயை வைத்தேன். சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் ஊரே திடலில் இருந்தது. இரண்டு சவுக்குக் கட்டைக்கு நடுவில் பேனரைக் கட்டினார்கள். நான் பின்பக்கம் நின்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தேன். முன்பக்கத்தில் திடீரென்று சத்தம் அடங்கியது. அப்புறம் மண் மேட்டின் மேலே நின்ற காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் வாய்விட்டுச் சிரித்தான். செல்போனை எடுத்து ஒன்றுக்கு நாலாக போட்டோ பிடித்தான்.

முன்னால் வந்து பார்த்தேன்.

வலை காயவைக்கும் இடத்தில் மண் கொட்டுவது நியாயம்!

சிவப்பில். முழு அகலத்துக்கு. ஆச்சரியக்குறியோடு.

மீன் விற்கிற கிழவி ஒருத்தி, "இன்னாடா எய்திகிது? என்கு படிக்கத் தெரியாது, இன்னாத்துக்கு எல்லாரும் வாய பொளந்துகினு நிக்கறீங்கோ?" என்று சுற்றிச் சுற்றிக் கேட்டாள். யாரோ படித்துச் சொன்னார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. காலடியில் துப்பிவிட்டுப் போனாள்.

உங்கள் மாமா என் சட்டையைப் பிடித்தார்.

"எவ்ளோ வாங்கின?"

"மச்சான், சத்தியமா, அ வுட்டுப் போச்சு..."

"எங்க வுட்டுப் போச்சு? தொ, கீய பாரு. 'அனைவரும்'. அதுல அ குத்துக்கல்லாட்டம் நிக்குது. அநியாயத்துல மட்டும் காணோமா? அ இன்னா, ஆளப் பாத்து ஓடிப்பூடுமா? பீலா வுடாத."

'அனைவரும்' கர்வ் போட்டது, 'அநியாயம்' போடாதது என்று அந்த இடத்தில், அத்தனை பேர் நடுவில், எப்படிச் சொல்வது? சொன்னாலும் யாருக்குப் புரியும்? கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "வெளியூரு ஆள நம்பினா இதான் கதி. கடலு தண்ணி குடிக்காதவன்." இன்னொரு குரல்: "டேய் நியாயம்! லாரிக்காரன் நாஸ்டா வாங்கித் தந்தானா, பிரியாணியா?"

அந்தப் பேர் அன்றைக்கு, அந்த நிமிஷத்தில் வைத்தது.

உங்கள் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? கரையில் ஏற்றியிருந்த படகிலிருந்து நீலப் பெயின்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு வந்தாள். மீன் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்று, 'நியாயம்' என்ற வார்த்தைக்கு முன்னால் ஒரு பெரிய 'அ' போட்டாள். இடம் போதவில்லை. அந்த 'அ' முந்தின வார்த்தையின் மேல் ஏறி, கோணலாக, பெயின்ட் வடிந்துகொண்டு நின்றது. இறங்கி வந்து என் பக்கம் கூடப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதிகாரி வந்தபோது பெயின்ட் காயவில்லை. சூப்பர்வைசர் ஓடிப்போய் செல்போனைக் காட்டினான். "சார், காலீல அவுங்களே நியாயம்னுதான் கட்னாங்கோ. ஊருக்குள்ளயே ரெண்டு கட்சி சார். அப்பால தான் ஒரு பொம்பள வந்து பெயின்ட் அடிச்சுது." அதிகாரி பேனரைப் பார்த்தார், செல்போனைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஊர்ல முதல்ல பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்று சொல்லி ஜீப்பில் ஏறிவிட்டார். அவர் மறுபடி வர இருபத்தைந்து நாள் ஆயிற்று. அதற்குள் பாதித் திடல் மண்ணுக்கடியில் போய்விட்டது. மிச்சத்தைப் பெண்கள் லாரிக்கு முன்னால் உட்கார்ந்துதான் காப்பாற்றினார்கள்.

அந்த ஒரு மாசம் நான் பட்டது போதும். டீக்கடையில் கிளாஸை என் பக்கம் தள்ளிவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்கள். செல்போன் குரூப்பில் அந்த பேனர் படத்தைப் போட்டு, கீழே ஒவ்வொருத்தனும் "நியாயம்", "நியாயம்" என்று எழுதினான். ஒருத்தன் என் கடைக் கதவில் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போனான். எனக்கும் வெறி ஏறியது. இந்த ஊருக்கு எத்தனை சாவுப் பேனர் கடனுக்குச் செய்திருக்கிறேன், ஒருத்தனுக்காவது நான் துட்டுக்கு ஆசைப்பட்டவனாகத் தெரிந்திருக்கிறேனா, போங்கடா நீங்களும் உங்கள் திடலும் என்று இருந்தது. வியாசர்பாடிக்கே போய்விடலாம் என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேன்.

"போ," என்றாள். "போனா அது மெய்யாயிடும். என் புள்ளைங்க எங்க போனாலும் துட்டு வாங்கினவன் புள்ளைங்கதான். எங்கண்ணன இட்டுகினு போய் காட்டு. அது வாய்லருந்து வந்தாதான் இந்த ஊரு கேக்கும்."

உங்கள் மாமாவைக் கடைக்கு வரவழைத்தேன். வந்தார், உட்காரவில்லை. பைலைத் திறந்து காட்டினேன். "அநியாயம்" என்று முழுசாக இருந்தது.

"இத்த இப்ப அடிச்சிருப்ப," என்றார். "என்கு இன்னா தெரியும்?"

அவர் சொன்னது சரிதான். என் கம்ப்யூட்டரில் நான் காட்டுகிற எதுவும் சாட்சி ஆகாது. யோசித்தேன். எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன்.

"நீயே அடி மச்சான். 'அ'ன்னு ஆரம்பிக்கற எந்த வார்த்தையாவது. நான் தொட மாட்டேன். நீயே பென்டிரைவ்ல போட்டு உன் ஜோப்புல வெச்சுக்கோ. ராயபுரம் பிரஸ்ல போய் திறப்போம்."

அதே தடித்த ஃபான்ட்டை மட்டும் வைத்துக் கொடுத்துவிட்டு விலகி நின்றேன். அவர் உட்கார்ந்தார். தமிழ் எழுத்து எந்தக் கட்டையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நான் விரலை நீட்டியதும் தட்டிவிட்டார். "கைய எடு. வாயால சொல்லு." மேல் வரிசை, அதற்குப் பக்கத்துக் கட்டை என்று நான் சொல்லச் சொல்ல, வலை முடிச்சு அவிழ்க்கிற அந்தத் தடித்த ஒற்றை விரலால் குத்திக் குத்தி அடித்தார். என்ன வார்த்தை என்று முதலில் எனக்குப் புரியவில்லை. முடித்ததும் திரையில் பார்த்தேன்.

அயோக்கியன்.

என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே, "சேவ் பண்றது எது?" என்றார். சொன்னேன்.

பைக்கில் போனோம். வழி முழுக்க கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. அந்தப் புகையில் அவர் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, ஒரு கையைச் சட்டைப் பையில் அழுத்திப் பிடித்தபடியே வந்தார். நான் வழியில் பென்டிரைவை மாற்றிவிடுவேன் என்ற பயம்.

பிரஸ்காரன் எங்களைப் பார்த்ததும் சிரித்தான். "இன்னா வாத்யாரே, ஊர்வலமா வந்துகிறீங்கோ? பேனர் ஊரு பூரா ஃபேமஸாமே?"

"பைல் ஒண்ணு திறக்கணும்," என்றார் உங்கள் மாமா. "அவன் இல்ல, நான் கேக்கறேன்."

உங்கள் மாமாவின் உருவத்தைப் பார்த்து மறுக்கவில்லை. வாங்கிச் சொருகினான். புது வெர்ஷன் திறந்தது. என் பழைய வெர்ஷன் பைலை, ஒரு முனகல் கூட இல்லாமல், ஒரு எச்சரிக்கையும் காட்டாமல் திறந்தது. ஃபான்ட் அவனிடமும் இருந்தது. ஒரே கடையில் இருந்தபோது என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான்.

திரையில் பெரிதாக வந்து நின்றது:

யோக்கியன்.

உங்கள் மாமா திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். விரலை வைத்து, 'யோ'வுக்கு முன்னால் இருந்த வெற்றிடத்தைத் தடவினார். "நான் அ போட்டேனே," என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

பிரஸ்காரன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "இன்னாண்ணே, மாப்ளைக்கு சர்டிபிகேட்டா?"

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். "பாத்தியா மச்சான்? பாத்தியா? நான் துட்டு வாங்கல. இவன் வெர்ஷன்தான் அ-வ முழுங்குது!"

"ஓய், நிறுத்து," என்றான் பிரஸ்காரன். சிரிப்பு போய்விட்டது. "என் வெர்ஷன் முழுங்கும்னு ஒன்குத் தெரியாதா? பத்து வருசமா தெரியும். அதுக்குத்தான கர்வ் போடுறது? அண்ணே, ரெண்டு கிளிக்கு. அத்த இவன் போடல. அத்தோட வுட்டானா? பிரிச்சுப் பாத்து எடுன்னு நானே சொன்னேன். இங்க, இதே எடத்துல. ராங்கா மூஞ்சியத் திருப்பிகினு போனான். கேளு, இல்லன்னு சொல்லட்டும்."

உங்கள் மாமா என் பக்கம் திரும்பினார்.

"சொன்னானா?"

"சொன்னான்."

"அப்போ நீ பாத்திருந்தா..."

"பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"நீ படிக்கலியா, அடிக்கும்போது?" என்று அவர் பிரஸ்காரனைக் கேட்டார். "நான் படிக்கறதில்லண்ணே," என்றான். "ஒரு நாளைக்கு எத்தினி பேனரு. படிச்சிகினு இருந்தா பைத்தியம் புடிச்சுடும்." அவன் படித்தானா, தெரிந்தும் விட்டானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. விட்டிருப்பான் என்றுதான் என் மனசு சொல்கிறது. ஆனால் சாட்சி இல்லாமல் ஒருத்தன் மேல் பழி போட்டால் எப்படி இருக்கும் என்று அந்த ஒரு மாசத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் எங்கேயும் சொல்லவில்லை. அவனைப் பிடிக்காது என்பதை மட்டும் மறைக்கமாட்டேன். இப்போது என் வேலை எல்லாம் தண்டையார்பேட்டையில் ஒரு பாய் கடைக்குப் போகிறது. ஒவ்வொரு பேனரையும் அவர் கடைத் தரையில் மண்டி போட்டுப் படித்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

திரும்பி வரும்போது உங்கள் மாமா பைக்கை எண்ணூர் நெடுஞ்சாலையில் ஓரமாக நிறுத்தச் சொன்னார். இறங்கி, மூக்கில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"துட்டு வாங்கினு செஞ்சிருந்தீனா ஒரு வயி கீதுடா மாப்ள. அடிச்சுத் தொரத்திட்டு, உன்னத் தல முயுகிட்டு முடிச்சிருப்பேன். நீ துட்டும் வாங்கல. சும்மா வீம்புக்குப் பாதித் திடல வுட்டுகிற. உன்ன இப்ப இன்னா பண்றது, சொல்லு."

நாலு தடவை வார்த்தையை மாற்றச் சொன்னது நீதானே என்று நாக்கு நுனிவரை வந்தது. மூன்று தடவைதான். அதுவும் நான் கர்வ் போடாததற்குக் காரணம் ஆகாது.

அன்றைக்குச் சாயங்காலம் ஊர் குரூப்பில் அவர் ஒரு செய்தி போட்டார். என் செல்போனில் இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன். "மாப்ள துட்டு வாங்கல. நானே போய் பாத்தேன். ஆனா வேலைய ஒயுங்கா செய்யல." அவ்வளவுதான். அதற்குக் கீழேயும் ஒருத்தன் "நியாயம்" என்று எழுதினான். அது என்னைத் திட்டினதா, மாமா சொன்னதை ஒப்புக்கொண்டதா என்று தெரியவில்லை.

மாமா எழுதினதில் தப்பு இல்லாததால் நான் பதில் போடவில்லை. அவர் என்னிடம் மன்னிப்பு கேட்கவில்லை, நானும் அவரிடம் கேட்கவில்லை. விசேஷங்களில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். பேனர் வேலை வந்தால், "ரெண்டு கிளிக்கு போட்டியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்கிறார். போட்டேன் என்று சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் குத்துகிறது.

அந்தப் பேர் போகாது. நான் செத்தால் என் கண்ணீர் அஞ்சலியிலும் போடுவார்கள் போலிருக்கிறது. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். குழாயடியில் யாராவது உங்கள் அப்பன் துட்டு வாங்கினான் என்று சொன்னால், விடாதீர்கள், குடத்தைக் கீழே வைத்துவிட்டு சண்டை போடுங்கள். மாமாவைப் போய்க் கேளு என்று சொல்லுங்கள். கர்வ் போடவில்லை, பிரித்துப் பார்க்கவில்லை, அதனால்தான் பாதித் திடல் போயிற்று என்று சொன்னால், பேசாமல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வாருங்கள்.